டர்பனில் படகுக்கு டீசல் போடும்போது டிப்ஸ்: யாருக்கு, எப்போது, எவ்வளவு

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக நகரத்துக்கு வந்து சேரும் நம்மவர்களில் நிறையப் பேர், ஆறு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவரின் படகில் ஏறிவிடுகிறார்கள். அலுவலகத்தில் யாரிடமாவது படகு இருக்கும். "சனிக்கிழமை காலையில நாலு மணிக்கு ரெடியா இருங்க, கூட்டா பிடிக்கப் போகலாம்" என்பார். கூட்டா என்று இங்கே சொல்வது நம் ஊர் வஞ்சரத்தைத்தான். உற்சாகமாகக் கிளம்பிப் போவோம். கடலுக்குப் போகும் வழியில் முதலில் நிற்கும் இடம் எரிபொருள் போடும் இடம். அங்கேதான் புதிதாக வந்தவருக்குக் கை தடுமாறும். பம்பில் நிற்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? படகுக்காரர் கொடுப்பாரா, நான் கொடுக்கலாமா? பத்து ராண்ட் (இந்த நாட்டுப் பணம்) போதுமா, அது குறைவா? யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

நான் தூத்துக்குடிக்காரன். படகும் துறையும் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த ஊர் வழக்கம் புதிது. சில வருடங்களில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை, அடுத்து வருபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கராஜ்

பெட்ரோல் பங்க் என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது, கராஜ் என்றுதான் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காருக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது. ஊழியர்தான் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் அமெரிக்கா, ஐரோப்பா போய்வந்தவர்கள்கூட இங்கே ஒரு புதுப் பழக்கம் கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நேரே வருபவர்களுக்குப் பம்பில் ஆள் நிற்பது பழக்கம்தான், ஆனால் அவருக்கு டிப்ஸ் கொடுப்பது பழக்கமில்லை. "ஜீரோ பார்த்துக்கோங்க சார்" என்பார், பார்ப்போம், பணம் கொடுப்போம், வண்டியை எடுப்போம். இங்கே அப்படிக் கிளம்பினால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஊழியர் கண்ணாடியைத் துடைத்திருப்பார், ஆயில் பார்த்திருப்பார், டயருக்குக் காற்று அடித்திருப்பார். அதற்குத்தான் ஐந்து ராண்ட், பத்து ராண்ட்.

சிறிய படகுகளில் பெரும்பாலானவை எரிபொருள் நிரப்புவது கராஜில்தான். பின்னால் வெளியே மாட்டிய அவுட்போர்டு எஞ்சின் வைத்த ஸ்கீ போட்டை, அதாவது சிறிய மீன்பிடிப் படகை, டிரெய்லரில் ஏற்றி, பிக்அப் வண்டியின் பின்னால் கட்டி, விடியும் முன்பே கராஜுக்குள் கொண்டுவருவார்கள். இதைக் கார் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதலில் வண்டிக்கு டீசல். அப்புறம் படகின் இரண்டு டாங்கிக்கும் பெட்ரோல். அதற்கு ஊழியர் குழாயை இழுத்துக்கொண்டு டிரெய்லரின் மேல் ஏற வேண்டும். அப்புறம் கேன்கள் இருந்தால் அவற்றையும் இறக்கித் தரையில் வைத்து நிரப்ப வேண்டும். (தரையில் வைப்பது முக்கியம். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேலேயே வைத்துப் போட்டால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தெறிக்கலாம். ஊழியர் "இறக்குங்கள்" என்றால் அலுத்துக்கொள்ளாமல் இறக்கிக் கொடுங்கள்.) காரைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகிறது. நான் இதற்கு 20 ராண்ட் கொடுப்பேன். கேன்கள் இருந்தால் 30.

இன்னொரு விஷயம். பெட்ரோல் விலை இங்கே மாதம் ஒருமுறை, முதல் புதன்கிழமையில் மாறும். ஏறப் போகிறது என்றால் செவ்வாய் மாலை கராஜ் வாசலில் வரிசை தெருவரைக்கும் நிற்கும். அந்த நேரத்தில் படகோடு போய் நின்று எல்லா டாங்கியையும் நிரப்பச் சொன்னால், பின்னால் நிற்கும் வண்டிக்காரர்களின் ஹாரன் அத்தனையும் ஊழியர் தலையில்தான் விழும். முடிந்தால் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். முடியாவிட்டால் கொடுப்பதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

தண்ணீரில் இருக்கும் பம்ப்

பெரிய படகுகளும் பாய்மரப் படகுகளும் தண்ணீரிலேயேதான் இருக்கும். அவை துறைமுகத்துக்குள் எரிபொருள் போடும் துறைக்கு வந்து, பக்கவாட்டில் ஒதுங்கி, டீசல் போட்டுக்கொண்டு போகும். கராஜில் வண்டி தானாக நிற்கும். இங்கே படகு நிற்காது. காற்று தள்ளும், நீரோட்டம் இழுக்கும். டர்பனில் தென்மேற்குக் காற்று வந்தால் சொல்லிக்கொண்டு வராது. அதனால் துறையில் நிற்பவரின் வேலை குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாம் நீட்டும் கயிற்றை வாங்கிக் கட்டுவது அவர். கிளம்பும்போது அவிழ்த்து விடுவதும் அவர்தான்.

வரிசையாகச் சொல்கிறேன்.

துறையை நெருங்கும் முன்பே ஃபெண்டர்களை (படகு உரசாமல் தடுக்கும் காற்றடைத்த உருளைகளை) பக்கவாட்டில் தொங்கவிட்டு, முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் சிக்கெடுத்துக் கையில் வைத்திருங்கள். எரிபொருள் மூடி படகின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படகுக்காரரிடம் கேட்டு, அந்தப் பக்கமாகவே ஒதுங்கச் சொல்லுங்கள். டிப்ஸ் பற்றிய கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆயத்தம் இல்லாமல் வந்து ஒருவரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கடைசியில் பணம் நீட்டுவதைவிட, அவர் வேலையைச் சுலபமாக்குவது பெரிய மரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கயிற்றை அவர் முகத்துக்கு எறியாதீர்கள். கைக்கு எட்டும் தூரம் வந்ததும் கொடுங்கள். படகு வேகமாக மோத வருகிறது என்றால் அவர் காலை நீட்டித் தடுக்கப் பார்ப்பார். "வேண்டாம், விடுங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். ஃபைபரில் கீறல் விழுந்தால் பூசிக்கொள்ளலாம். டன் கணக்கில் எடையுள்ள படகுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மாட்டிய கால் அப்படியல்ல.

கட்டி முடித்ததும் எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்து, பம்ப் பக்கம் கையைக் காட்டுவதற்கு முன் வணக்கம் சொல்லுங்கள். இது இந்த ஊரின் மிக முக்கியமான வழக்கம். டர்பனில் பம்பில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் ஜூலு மொழி பேசுபவர்கள். ஒருவரைப் பார்த்தால் "சவுபோனா", இரண்டு மூன்று பேர் இருந்தால் "சனிபோனானி". "யேபோ" என்று பதில் வரும். "உன்ஜானி?" என்றால் எப்படி இருக்கிறீர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். வணக்கம் சொல்லாமல் "டீசல், இருநூறு லிட்டர்" என்று தொடங்குவது இங்கே முரட்டுத்தனம். அப்படித் தொடங்கிவிட்டுப் பிறகு நூறு ராண்ட் கொடுத்தாலும் அது சரியாகாது.

எப்படி அழைப்பது? வயதில் மூத்தவர் என்றால் "பாபா", நம் வயது என்றால் "புதி", பெண் என்றால் "சிசி", மூத்த பெண் என்றால் "மாமா". ஆமாம், ஜூலுவில் மாமா என்றால் அம்மா. உள்ளூர் இந்தியர் என்றால் "அங்கிள்" போதும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களில் தொடங்கி, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்ததும் இந்தத் துறைமுகத்தைச் சுற்றியே வலை வீசிப் பிழைத்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும்போது கடற்கரையில் இன்றும் அந்த வம்சத்தினர் வலை இழுப்பதைப் பார்க்கலாம். தமிழ் பேசாவிட்டாலும் "தாத்தா", "ஆயா" என்ற சொற்கள் அவர்களிடம் தங்கியிருக்கின்றன.

யாரையும் "பாய்" என்று மட்டும் அழைக்காதீர்கள். நம் ஊரில் ஆபீஸ் பாய், ரூம் பாய் என்று யோசிக்காமல் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே நிறவெறிக் காலம் முழுவதும் ஐம்பது வயது மனிதரையும் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். அது வெறும் சொல்லாக யார் காதிலும் விழாது. நம் வாயிலிருந்து தெரியாமல் வந்தாலும் அவருக்கு வலிக்கும். விரலைச் சொடுக்குவது, விசில் அடிப்பது இரண்டும் அதே ரகம்.

டீசல் ஓடும் நேரம்

எத்தனை லிட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பம்பில் ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். அதனால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு நிரப்ப வேண்டும். நிரப்பிய பின் எல்லாவற்றையும் திறந்து, காற்றோட்ட விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்த பிறகே எஞ்சினைத் தொட வேண்டும்.

நல்ல பம்ப்காரர் என்ன செய்வார் என்று நான் அருகில் நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நண்பரின் பாய்மரப் படகில் டீசல் போட வந்திருந்தோம். தளத்தில் ஒரே மாதிரி இரண்டு பித்தளை மூடிகள். மேலே எழுதியிருந்தது உப்புக் காற்றில் தேய்ந்துபோயிருந்தது. நண்பர் உள்ளே சாவி தேடிக்கொண்டிருந்தார். நான்தான் ஒரு மூடியைத் திறந்து "இதுதான்" என்றேன். துறையில் இருந்த பெரியவர் குழாயைக் கொண்டுவந்தார். ஆனால் உள்ளே விடவில்லை. இடது உள்ளங்கையை அந்தத் துளையின் மேல் வைத்து மூடிக்கொண்டு, குனிந்து மோந்து பார்த்தார். "டீசல்?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். கையை எடுக்கவில்லை. "உங்கள் கேப்டனைக் கேளுங்கள்" என்றார். நண்பர் வெளியே வந்து பார்த்தால் அது குடிதண்ணீர் டாங்கி.

அந்தக் கை அங்கே இல்லாவிட்டால் டாங்கியைக் கழற்றி, குழாய்களை மாற்றி, அந்தச் சீசன் முழுக்க டீசல் வாசத்தோடு தண்ணீர் குடித்திருப்போம். கேட்டதை ஊற்றிவிட்டுப் போயிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது, காட்டியது நான். அன்றைக்கு நண்பர் அவருக்கு நூறு ராண்ட் கொடுத்தார். எனக்கு அது குறைவாகத்தான் பட்டது.

இன்னொன்று, டாங்கி நிரம்பும் ஓசை. குழாயடியில் குடம் நிரம்பும்போது சத்தம் மெல்ல மெல்லக் கூர்மையாகி வருமே, அதேதான். அனுபவமுள்ளவர்கள் மீட்டரைவிடக் காதைத்தான் நம்புகிறார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்கும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், பாட்டையும் நிறுத்திவிடுங்கள். காற்றுக் குழாய் வழியாக டீசல் வெளியே கொப்பளித்துத் தண்ணீரில் விழுந்தால் பழி முதலில் அவர் மேல்தான் வரும். விளிம்புவரை நிரப்பச் சொல்லாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விடச் சொல்லுங்கள். சிந்தினால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கரைக்காதீர்கள், உறிஞ்சும் துணி கேட்டு வாங்கி நீங்களும் சேர்ந்து துடையுங்கள்.

எவ்வளவு

சதவீதக் கணக்கை மறந்துவிடுங்கள். உணவகத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது இங்கே வழக்கம். அதை எரிபொருளுக்குப் பொருத்த முடியாது. கணக்குக்கு லிட்டர் 20 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் 300 லிட்டருக்கு 6000 ராண்ட். பத்து சதவீதம் என்றால் 600. யாரும் அப்படிக் கொடுப்பதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. டீசலின் விலைக்கும் அவர் உழைப்புக்கும் தொடர்பில்லை. நேரத்தையும் சிரமத்தையும் பாருங்கள்.

நான் வைத்திருக்கும் அளவு இது: சிறிய படகு, ஐம்பது நூறு லிட்டர், கால் மணி நேரத்துக்குள் முடிந்தது என்றால் 20 முதல் 30 ராண்ட். பெரிய படகு, அரை மணி நேரம், இரண்டு டாங்கி, கயிறு பிடித்துக் கட்டி அவிழ்த்தது எல்லாம் சேர்த்து 50. காற்று மோசமாக இருந்தது, மழையில் நின்றார், நம் தவறு ஒன்றைத் தடுத்தார் என்றால் 100. இரண்டு பேர் வேலை செய்திருந்தால் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்து "பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைவிட இருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது.

இது அதிகம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் தேசிய குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்டாகத் தொடங்கியது. 2025 மார்ச்சில் 28.79 ஆனது. கராஜ் ஊழியர்களுக்கு மோட்டார் தொழிலின் தனி ஊதிய ஒப்பந்தம் இருக்கிறது, ஆனாலும் கைக்கு வருவது பெரிய தொகை அல்ல. காலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு வர இரண்டு மினி பஸ் டாக்ஸி மாற வேண்டியவருக்கு, அந்த 50 ராண்ட் போக்குவரத்துச் செலவுக்காவது கைகொடுக்கும். படகு வைத்துக் கடலுக்குப் போகும் நமக்கு அது ஒரு தூண்டில் முள்ளின் விலை.

எப்படிக் கொடுப்பது

ரசீது வாங்கிய பிறகு, கயிறு அவிழ்க்கும் முன்பு. இந்த இடைவெளியில்தான் கொடுக்க வேண்டும். கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டால் அவருடைய இரண்டு கையும் வேலையில் இருக்கும், படகும் நகரத் தொடங்கிவிடும். தண்ணீருக்கு மேலே எட்டிக்கொண்டு நோட்டை நீட்டுவதும், காற்றில் அது பறப்பதும், அவர் அதைப் பிடிக்கக் குனிவதும் பார்க்கவே சங்கடமாக இருக்கும். கரையில் இறங்கி நின்று கொடுங்கள். நோட்டை இரண்டாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலது கையால் கொடுக்க வேண்டும். இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூலு மக்களிடமும் அதேதான். கொடுக்கும்போது இடது கையால் வலது முன்கையை லேசாகத் தொட்டுக்கொள்வார்கள். வாங்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டுவார்கள். கோயிலில் பிரசாதம் வாங்குவது போலவே இருக்கும். முதல் முறை பார்த்தபோது அவர் ஏதோ பணிந்து நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். அப்படியில்லை. நீ கொடுப்பதை நான் சின்னதாக நினைக்கவில்லை என்பதற்கான மரியாதை அது. நாமும் இடது கையை வலது கையோடு சேர்த்துக் கொடுத்தால் அவர் முகமே மாறும். "ங்கியபோங்கா" என்று நன்றி சொல்லுங்கள்.

சில்லறை வைத்திருங்கள். முதல் தடவை என் பையில் இருந்தது ஒரே ஒரு 200 ராண்ட் நோட்டு. அவரிடம் மாற்று இல்லை. "அடுத்த முறை தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது அவர் அங்கே வேலையில் இல்லை. அந்தக் கடன் இன்னும் நிற்கிறது. இப்போது லைஃப் ஜாக்கெட் பையில் ஒரு ஜிப் கவரில் பச்சை நிறப் பத்து ராண்ட் நோட்டுகளும் ஐந்து ராண்ட் நாணயங்களும் எப்போதும் இருக்கும். கார்டில் சேர்த்துப் போடச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சில இடங்களில் முடியும். ஆனால் அது அவர் கைக்குப் போய்ச் சேருமா என்பது அந்த இடத்து நிர்வாகத்தைப் பொறுத்தது. ரொக்கம்தான் சரி.

பணத்துக்குப் பதில் பீர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அவர் வேலையில் இருக்கிறார், அதுவும் எரிபொருள் பக்கத்தில். வெயில் நாளில் ஒரு குளிர்பானம் கொடுக்கலாம், ஆனால் டிப்ஸோடு சேர்த்து. திரும்பி வரும்போது மீன் கொடுக்கிறேன் என்பதும் நல்ல மனசுதான். ஷிஃப்ட் முடிய இன்னும் ஐந்து மணி நேரம், ஐஸ் இல்லை, அப்புறம் டாக்ஸியில் நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்த மீனை அவர் என்ன செய்வார்? வேண்டுமா என்று கேட்டுவிட்டு, சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுங்கள். பொழுதுபோக்கு மீன்பிடி உரிமத்தில் பிடித்ததை விற்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவருக்குக் கொடுப்பது சாப்பிடத்தான்.

கொடுக்கக் கூடாத இடமும் உண்டு. சில கிளப்களில் ஊழியர்களுக்குத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டாம், பொதுப் பெட்டியில் போடுங்கள் என்பார்கள். விருந்தினராகப் போனால் படகுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பம்பில் நிற்பவர் அந்த இடத்தின் உரிமையாளரே என்றால் நன்றி போதும். விருந்தினர் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. "டீசலுக்கு என் பங்கு எவ்வளவு?" என்று படகுக்காரரிடம் கேளுங்கள். அவர் வாங்க மறுத்தால் "சரி, டிப்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அதை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

கடற்கரையிலிருந்து படகு இறக்கினால் இன்னும் இரண்டு பேரை நினைவில் வைக்க வேண்டும். மணலில் படகைத் தள்ளிவிடும் டிராக்டர் ஓட்டுநர் ஒருவர். நாம் கடலில் இருக்கும் ஆறேழு மணி நேரமும் வண்டியையும் காலி டிரெய்லரையும் பார்த்துக்கொள்ளும் காவலர் இன்னொருவர். கார் காவலர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, நாம் கொடுப்பதுதான் வருமானம். கடை வாசலில் அரை மணி நேரத்துக்குக் கொடுக்கும் ஐந்து ராண்டை இங்கே கொடுக்காதீர்கள். 30, 40 கொடுங்கள். போகும்போது பாதி, வந்து மீதி என்று பிரிக்க வேண்டாம். அது அவரை நம்பவில்லை என்று சொல்வது போலாகும். திரும்பி வந்து முழுதாகக் கொடுங்கள்.

அடிக்கடி ஒரே துறைக்குப் போகிறவர்கள் டிசம்பரில் கிறிஸ்மஸ் பாக்ஸ் கொடுப்பது இங்கே வழக்கம். ஒரு உறையில் 200 ராண்ட் வைத்து, மேலே அவர் பெயரை எழுதி, டிசம்பர் நடுவில் தொழிற்சாலைகள் மூடி எல்லோரும் ஊருக்குக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் ஜனவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.